ஒரே ஒயரில் இரண்டு காது

இசல்மி
பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் யார்க்கோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மூக்கு நுனி மட்டும் உறைந்துபோய் மற்றபடி நல்ல சுகம், அங்கே ஹோபார்ட்டில் நீயும் மருமகள் ஹென்னாவும் வெயிலில் கருகாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வெயிலுக்குப் பூசுகிற கிரீமைக் காதுக்குப் பின்னாலும் பூசிக்கொள், சின்ன வயதிலிருந்தே அந்த இடத்தை விட்டுவிடுவாய். போன ஞாயிறு போனில் நீ, ஏம்மா, இந்தக் காலத்துல ஒயர் மாட்டுற ஓட்டை வச்ச போனை இன்னும் யாராவது வச்சிருக்காங்களா, மாசக் கடைசியில உங்க ரெண்டு பேருக்கும் புதுசு ஆர்டர் பண்றேன், அந்தப் பழசைத் தூக்கிப் போடுங்க என்று சொன்னாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நான் சொல்ல வந்தது மறந்துபோகும், அதனால்தான் கடிதம். இதைப் படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள், எனக்குக் கேட்காது.

முதலில் உன் கேள்விக்குப் பதில். யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டாய் அல்லவா, நான் எண்ணியே பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது பஸ்ஸில் என்னையும் சேர்த்துப் பதினாறு பேர், வழக்கம்போல ஒரு சீட்டுக்கு ஒருவராகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம், அதில் ஆறு பேர் காதிலிருந்து ஒயர் தொங்கியது. ஆறு பேர், யார்க்கோ! அதில் மூன்று பேர் பள்ளிக்கூடத்துப் பெண்கள். உனக்காக நான் என்ன செய்தேன் தெரியுமா, அதில் ஒருத்தியிடம் வாயைத் திறந்து பேசினேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் பஸ்ஸில் பேசுவது என் அறுபத்தெட்டு வயதில் இதுதான் முதல் தடவை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, ரத்த அழுத்தம் அன்றைக்குக் கூடுதலாக வந்ததற்குக் காரணம் அதுதான், நர்ஸிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மிரண்டுபோய், ஒயர்தாங்க இப்ப அழகு, சார்ஜும் போட வேணாம், தொலையவும் தொலையாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள். அவள் இறங்க வேண்டிய இடம் அது இல்லை என்று நினைக்கிறேன், பாவம்.

ஆறாவது ஆள் நம் மாடியில் எதிர்வீட்டு சில்வி. உனக்கு ஞாபகம் இருக்கும், நம் கட்டிடத்தின் பொதுச் சவுனாவில் நீராவிக் குளியலுக்கு முறைப் பட்டியல் போடுகிறவள், எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை எத்தனை மணி என்று கம்ப்யூட்டரில் அடித்துப் படிக்கட்டுக்குக் கீழே பலகையில் ஒட்டுவாள். காதில் எப்போது பார்த்தாலும் ஒயர் இருக்கும். இருபது வருஷமாக இவள் அப்படி என்னதான் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் கையுறை விழுந்து குனிந்தாள், கோட்டுப் பையிலிருந்து ஒயரின் மறுமுனை வெளியே வந்து ஆடியது. எதிலும் மாட்டவில்லை! போனே கொண்டு வரவில்லை. நான் பார்த்துவிட்டதைப் பார்த்துவிட்டு, ராய்லி, இது யாரும் என்கிட்ட பேசிடக் கூடாதுன்னு போட்டுக்கிறது, ஒயர் இல்லாததை மாட்டி மேல கம்பளித் தொப்பியையும் போட்டுக்கிட்டா நான் வேலையா இருக்கேன்னு எவனுக்குத் தெரியும், குளிர்காலம் பூரா வந்து வந்து பேசுவானுங்க என்றாள். நியாயம்தானே? உங்கள் காலத்து ஆட்கள் புதுசு புதுசாகக் கண்டுபிடிக்கும்போது இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, நீ கிறிஸ்துமஸுக்கு ஆசையாக அனுப்பிய, ஒயர் இல்லாத இயர்போனைப் பற்றியது. ஆளுக்கொரு ஜோடி, வெள்ளையாக, அவரைக்கொட்டை மாதிரி, சின்னப் பெட்டிக்குள். அப்பா அதன் விளக்கப் புத்தகத்தை இரண்டு நாள் படித்தார், நம் மொழியில் படித்து முடித்ததும் ஸ்வீடிஷில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று அதையும் படித்தார். நீ வீட்டை விட்டுப் போன பிறகு, அவர் மர அறுவை மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, இந்தப் பதின்மூன்று குளிர்காலமாக நாங்கள் தினமும் ஏரியைச் சுற்றி நடக்கிறோம் என்று உனக்குத் தெரியும். எப்படி நடக்கிறோம் என்று உனக்குத் தெரியாது. அப்பாவின் பழைய போன், அதில் ஒரு ஒயர், இடது முனை அவர் காதில், வலது முனை என் காதில். பன்னிரண்டே முக்காலுக்கு ரேடியோவில் கடல் வானிலை வரும், அதைக் கேட்டுக்கொண்டே நடப்போம். கடல் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர், நம்மிடம் இருப்பது ஓட்டை விழுந்த ஒரு துடுப்புப் படகு, இருந்தாலும் உட்டோ தீவில் காற்று எவ்வளவு என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒயர் பிரிகிற இடத்திலிருந்து ஒரு பக்கம் நாற்பத்திரண்டு செண்டிமீட்டர்தான். உன் அப்பா பைன் மர உயரம், நான் அவர் தோளுக்குக் கீழே, அதனால் ஒட்டிக்கொண்டேதான் நடக்க முடியும். ஒருவர் முந்தினால் மற்றவர் காது பிடுங்கிக்கொள்ளும்.

நீ அனுப்பியதை அவரவர் போனோடு சேர்த்து மாட்டிக்கொண்டு கிளம்பிய முதல் நாளே உன் அப்பா இரண்டடி முன்னால் போனார். நான் நினைத்தேன், அடப் பாவமே, இந்த மனுஷன் இத்தனை வருஷமாக என் குட்டைக் காலுக்காக மெதுவாக நடந்திருக்கிறார், இப்போதாவது நிம்மதியாக நடக்கட்டும் என்று கொஞ்சம் பின்தங்கினேன். அவர் என்ன நினைத்தார் என்று இப்போதுதான் தெரியும்: இவளுக்கு என்னை விட்டுத் தனியாக இருக்க ஆசை போலிருக்கிறது, தொந்தரவு செய்யக்கூடாது என்று இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருக்கிறார். நான் இன்னும் பின்தங்கினேன். அவர் இன்னும் முந்தினார். கேட்டிருக்கலாமே என்பாய். நம் ஊரில் யார் யாரைக் கேட்டிருக்கிறார்கள்? ஒரு வாரத்தில் எங்களுக்கு நடுவே நூறு மீட்டர். அடுத்த வாரம் அவர் ஏரிக்கரையில் நின்று, நான் வேணா அந்தப் பக்கமா சுத்தி வரட்டுமா என்று கேட்டார், நான் சுத்திட்டு வாங்களேன் என்றேன். வாய் அப்படிச் சொன்னது, மனசு என்னவோ செய்தது. அதிலிருந்து அவர் இடமாக, நான் வலமாக. எதிர்க்கரையில் நாணல் பக்கம் எதிரெதிரே வருவோம். அவர் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். ஒரு நாள் எனக்கு வழி விட்டுப் பனியில் இறங்கி நின்று வணக்கம் என்றார், யார்க்கோ, நாற்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம்! நானும் வணக்கம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இதையெல்லாம் சில்வி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் கதவைத் தட்டி, தட்டு நிறையக் கரேலியப் பை கொண்டு வந்தாள், அரிசிக்கஞ்சி வைத்துச் சுடுகிற அந்த மெல்லிய அப்பம்தான், முட்டையும் வெண்ணெயும் பிசைந்து மேலே வைத்து, வாயில் வைத்தால் கரைகிற மாதிரி. எதுவும் சொல்ல வேணாம், சாப்பிடு என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். யாராவது செத்துப்போனால்தான் சில்வி பை சுடுவாள், அதனால் யாரோ போய்விட்டார்கள், பிறகு தெரியும் என்று நினைத்துச் சாப்பிட்டோம், நான் நான்கு, அப்பா ஏழு. அந்த வாரம் பலகையில் புதுப் பட்டியல். நம் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஏழிலிருந்து எட்டு, நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே அதுதான் நேரம், அதை வெட்டி ஏழிலிருந்து ஏழரை ஆஹ்தி, ஏழரையிலிருந்து எட்டு ராய்லி என்று அப்பாவுக்கும் எனக்கும் தனித்தனியாக அடித்திருந்தது. பலகை முன்னால் நின்று மூன்று தடவை படித்தேன். நடையில் தனி, சரி, சவுனாவிலுமா, இவர் சில்வியிடம் போய்த் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறாரே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவர் துண்டை எடுத்துக்கொண்டு போனார். ஏழரைக்கு நான் போனேன். அவர் ஈரக் காலடி சவுனாத் தரைப்பலகையில் இன்னும் காயவில்லை. அடுப்புக் கல்லின் மேல் நீராவிக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு உட்கார்ந்து அழுதேன். சவுனாவில் அழுவதில் ஒரு வசதி, வேர்வையா கண்ணீரா என்று யாருக்கும் தெரியாது, பார்ப்பதற்கும் யாரும் இல்லை. இப்படி இரண்டு வெள்ளிக்கிழமை. அடுத்த ஞாயிறுதான் நீ போன் செய்து ஓட்டையே இல்லாத போன் அனுப்புகிறேன் என்கிறாய், நான் என்னவென்று சொல்வேன்?

புதன்கிழமை குளிர் மைனஸ் இருபத்தேழு. புத்தியுள்ளவர்கள் வீட்டில் இருந்தார்கள், நாங்கள் நடக்கப் போனோம், ஆளுக்கொரு பக்கமாக. கடல் வானிலையில் ஒவ்வொரு தீவாகச் சொல்லிக்கொண்டே வந்து, உட்டோ என்றார்கள், அதோடு என் காதில் சத்தம் நின்றது. குளிரில் சார்ஜ் செத்துவிட்டது. தட்டினேன், ஊதினேன், தொப்பிக்குள் வைத்துத் தேய்த்தேன், ஊமை. நிமிர்ந்தால் எதிரே உன் அப்பா வருகிறார், இமையெல்லாம் வெள்ளை. தலையாட்டிவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால் நின்றார். எனக்கு நின்னுபோச்சு என்றேன். அவரும் தன் காதைத் தொட்டுக்காட்டி, எனக்கும் என்றார். பார், இரண்டும் ஒரே நேரத்தில் நின்றிருக்கின்றன, ஒரே பார்சலில் வந்தவை அல்லவா. பிறகு கோட்டைத் திறந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, சட்டைப் பைக்குள்ளிருந்து பழைய போனை எடுத்தார். ஒயரோடு! ஏன் இந்த ஒயரைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க என்று கேட்டேன். சும்மாதான், எதுக்கும் இருக்கட்டும்னு என்றார். ஒரு மாதமாக எதுக்கும் இருக்கட்டும் என்று நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏரியை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறார். ஒயர் எப்போதும்போலச் சிக்கலாகக் கிடந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் முடிச்சை அவிழ்த்தார், நான் போனைப் பிடித்துக்கொண்டேன். அவிழ்ப்பதற்குள் கடல் வானிலை முடிந்து யாரோ உருளைக்கிழங்கு நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வலது முனையை என் காதில் அவரே வைத்தார், வைத்துவிட்டு, தான் வந்த வழியே என்னோடு திரும்பி நடந்தார். உருளைக்கிழங்கைக் கேட்டுக்கொண்டே வீடு வரை வந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கேட்டதில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவர் துண்டை எடுத்தபோது துணிந்து கேட்டேன், எதுக்குங்க சவுனாவைத் தனியா எழுதச் சொன்னீங்க என்று. நானா, நீதானே சொன்னே என்றார். நான் சொல்லவில்லை என்றேன். தானும் சொல்லவில்லை என்றார். துண்டோடு அப்படியே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினோம். சில்வி எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் வெளுத்துப்போனாள். கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு கேட்காமலேயே பண்ணிட்டேன், உதவியா இருக்கட்டும்னு என்றாள். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பை நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொன்னார். நேற்று பலகையில் பழையபடி ஏழிலிருந்து எட்டு என்று ஒட்டியிருக்கிறாள், நம் பெயருக்குக் கீழே கோடு போட்டு இருவரும் என்று தடித்த எழுத்தில். கட்டிடமே படித்துவிட்டது.

ஆகவே என் கண்ணே, மாசக் கடைசியில் போன் அனுப்பாதே, அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஒயர் ஓட்டை உள்ளதாகப் பார்த்து ஒன்றே ஒன்று அனுப்பு, இரண்டு வேண்டாம். நீ அனுப்பிய அவரைக்கொட்டைகள் வீணாகவில்லை, அப்பா அந்தச் சின்னப் பெட்டியைத் தூண்டில் முள் போட்டு வைக்க எடுத்துக்கொண்டார். ஹென்னாவும் நீயும் சாயங்காலம் நடக்கும்போது ஆளுக்கொன்றாகக் காதில் மாட்டிக்கொண்டு போவதாகப் போனில் சொன்னாய், எத்தனை மீட்டர் தள்ளி நடக்கிறீர்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள், கேட்கவும் கேள், நம் ஊர் வழக்கத்தை அங்கே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இதோடு இரண்டு பாக்கெட் உப்புக் கரிக்கிற சல்மியாக்கி மிட்டாய் வைத்திருக்கிறேன், ஒன்று ஹென்னாவுக்கு, அங்கத்திய ஆட்களுக்குக் கொடுத்து அவர்கள் முகத்தைக் கோணவைக்காதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒரே பக்கமாக நடந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் கிரீம், மறக்காதே. கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் காபி போடப் போகிறேன், வழக்கம்போல அடியில் அதேதான் என்று ஒரு வார்த்தை எழுதி அவரே ஒட்டித் தபாலில் போட்டுவிடுவார்.

அன்பு முத்தங்களோடு,
உன் அம்மா ராய்லி

அதேதான்.
யார்க்கோ, புதன்கிழமை என்னுடையதில் சார்ஜ் இருந்தது. அம்மாவிடம் சொல்லாதே.
அப்பா