உச்சிவெயிலில் சிதறிய அலை

மே 6, செவ்வாய்

வேடசந்தூர் மில் விடுதிக்குள் சிக்னல் எட்டாது. அங்கே தங்கி வேலை செய்யும் பெண்களை வெளியேயும் விடமாட்டார்கள். டவரிலிருந்து வந்து மோதும் அலையை நாம் சொல்லும் பக்கம் திருப்பிவிடும் திரவப் படிகப் பலகை, எங்கள் ஆய்வகத்தில் நான் செய்தது. அதை விடுதிக்கு எதிர்மாடியில் மாட்டினேன். காலையில் நன்றாகவே வேலை செய்தது.

உச்சிவெயிலில் படிகம் சூடேறி அலை சிதறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்த செல்வி விடுதி ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

“அக்கா, கட்டாயிருச்சு. அம்மா என்னமோ சொல்ல வந்துச்சு.”

“செத்த நேரம் பொறும்மா, சரி பண்றேன்.”

பலகையின் முதுகில் ஈரச்சாக்கை மாற்றி மாற்றிப் போட்டேன். வெயில் விடவில்லை. சாயங்காலம் பலகை ஆறியபின் வந்த முதல் அழைப்பு அவள் அண்ணனுடையது. அம்மா மதியமே போய்விட்டதாம். செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்தச் சூட்டை அது தாங்காது என்று ஆய்வகத்திலேயே பார்த்திருந்தேன். மாட்டும்போது யாரிடமும் சொல்லவில்லை.