பாதிச் சம்பளத்துக்கு வந்த அந்தோணி

செவ்வாய், இரவு

எங்கள் கூடைப்பந்து அணிக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும். இருந்த பணத்தில் பெரும்பகுதியைக் கேப்டன் செல்வத்துக்கே பேசி, முன்பணமாகவும் கொடுத்துவிட்டேன். இந்த நிலையில் கோவளத்து அந்தோணி, ஆறரை அடி உயரக்காரன், போன வருடச் சம்பளத்தில் பாதிக்கே வருகிறேன் என்கிறான்.

முட்டியில் ஏதோ அடி என்றுதான் நினைத்தேன். இன்று செங்கல்பட்டு மைதானத்தில் ஓடவிட்டேன், குதிக்கவிட்டேன். ஒரு குறையும் இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் அதிகமானது.

"உண்மையச் சொல்லுப்பா. ஏன் இவ்ளோ கம்மிக்கு வர்ற?"

"கம்மியெல்லாம் இல்ல கோச். மீதிய செல்வம் அண்ணன் குடுக்குறேன்னு சொல்லிகீறாரு. உங்களாண்ட சொல்லாதன்னாரு."

செல்வம் யாருக்கும் ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்தவன் இல்லை. போன் போட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"என் முட்டி போய்ட்ச்சு கோச். சொன்னா எடுக்க மாட்டீங்கன்னு மறைச்சேன். அவன் இருந்தா நான் ஓடாமயே சமாளிச்சிக்குவேன்."

போனை வைத்துவிட்டேன். அவனை நீக்கினால் வேறு கேப்டன் எடுக்கக் காசில்லை. மற்றவர்கள் என்னென்ன மறைக்கிறார்களோ. நாளைப் பயிற்சியில் பந்தைப் பார்க்கப் போவதில்லை, ஒவ்வொருவன் காலையும்தான் பார்க்கப் போகிறேன்.