ஊடு தேடிய மிஷின்

சர்வர் அறையில் இப்போதும் அதே இரும்புத்தூள் வாசனைதான். கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கும்மிடிப்பூண்டியில் உருக்காலைக்காரர்களுக்கு அதிலிருந்து விடுதலை கிடையாது. இன்று மதியம் அந்த வாசனையோடு நீயும் வந்தாய்.

பழைய சர்வரின் டிஸ்க் சாகக் கிடந்தது. புது மிஷினில் டேட்டாபேஸை அதன் மூலநிரலான சோர்ஸிலிருந்து பில்ட் செய்து கட்ட உட்கார்ந்தேன். எடைமேடை மென்பொருளுக்கு அந்தப் பழைய வெர்ஷன்தான் ஒத்துவரும், ரெடிமேட் பேக்கேஜ் கிடையாது, உனக்குத் தெரியாததா? பழைய டிஸ்கிலிருந்து டேட்டாவையும் நீ விட்டுப்போன சோர்ஸ் ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்துகொண்டேன். அதற்குள் எடைமேடைக்காரர் போன் செய்துவிட்டார். "மேடம், லாரிங்க ரோடு வரைக்கும் நின்னுக்கினு கீது. சாயங்காலத்துக்குள்ள எடை போடலன்னா டிரைவருங்க என்னிய உரிச்சிருவானுங்க."

கட்டத் தொடங்கு என்று சொல்லும் மேக் கட்டளையைக் கொடுத்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. காலையில்தான் பெட்டி பிரித்த மிஷின் அது, நான் இன்னும் எதையுமே கட்டவில்லை. யாரோ எனக்கு முன்னால் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். முதுகு சில்லிட்டது, ஏசிதான் என்று சொல்லிக்கொண்டேன்.

சரி என்று ஓடவிட்டால், டேட்டாபேஸுக்குத் துணையாக வேண்டிய ஒரு நூலகக் கோப்பு இல்லை என்று நின்றது. இன்ஸ்டால் செய்தேன், மறுபடியும் இல்லை என்றது. எங்கேதான் தேடுகிறாய் சனியனே என்று அது போகும் தடத்தைப் பார்த்தேன். /opt/oodu/lib என்று திரையில் வந்தது. வீட்டை ஊடு என்று சொல்ல ஒரு லினக்ஸ் மிஷினுக்கு உன்னைத் தவிர யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

புதுவாயலில் நாம் இருவரும் இருந்த வாடகை ரூம் நினைவிருக்கிறதா? ஓனரம்மா தண்ணி மோட்டாரை நிறுத்தி, ரூமைக் காலி பண்ணச் சொல்லி மிரட்டிய மறுநாள், பழைய சர்வரில் நூலகக் கோப்புகளுக்கு ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அந்தப் பெயரை வைத்தாய். நான் சிரித்தேன். "இன்னாடி சிரிக்கிற? காலி பண்ணுன்னு யாரும் சொல்ல முடியாத ஊடு இது ஒண்ணுதான்" என்றாய்.

ஹைவேயில் உன் ஸ்கூட்டியை லாரி அடித்த பிறகு, பொதட்டூர்பேட்டையிலிருந்து உன் அண்ணன் வந்து உன் பெட்டியையும் பாயையும் எடுத்துப்போனார். ரூமில் உன் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள்.

மிஷின் அங்கே போய்த் தேடிய காரணம் பிறகுதான் புரிந்தது. நான் காப்பி செய்த சோர்ஸ் ஃபோல்டரில் நீ முன்பே கட்டிமுடித்த கோப்புகள் அப்படியே இருந்தன. அவற்றுக்குள் உன் ஊட்டு விலாசம் எழுதியிருந்தது. "பழசக் கழுவாம புதுசக் கட்டாத, பேய் பூந்துக்கும்" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! காரணம் தெரிந்தும் எனக்கு ஒன்று தோன்றியது. மிஷின் என்னிடம் கேட்கவில்லை, உன்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

உன் ஊட்டையே இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய டிஸ்கிலிருந்து அதைக் காப்பி செய்யப் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, அதோடு டிஸ்க் அடங்கிவிட்டது. வாசலில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

கட்டியதையெல்லாம் அழித்து வெறும் சோர்ஸை மட்டும் விட்டுவைக்கும் கட்டளையைத் தட்டினேன். கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாய் மேலே ஓடி மறைந்தன. உன்னைக் காலி பண்ணச் சொன்னவள் கடைசியில் நானாகிவிட்டேன், மன்னித்துக்கொள்ளடி.

முதலிலிருந்து பில்ட் செய்தேன். டேட்டாபேஸ் எழுந்தது. "வந்துருச்சு மேடம்!" என்று எடைமேடைக்காரர் போனில் கத்தினார். இரும்பு ஏற்றிய வண்டிகள் நகரத் தொடங்கின.

எல்லாரும் போன பிறகு தடத்தை இன்னொரு தடவை பார்த்தேன். எல்லாம் வழக்கமான இடங்கள்தான். ஒரு பேய் போனதற்கு நிம்மதியாய் இருந்திருக்க வேண்டும், எனக்கோ அழுகை வந்தது. இத்தனை நாள் உன்னைத் தேட இந்த ஊரில் இன்னொன்றும் இருந்திருக்கிறது. இனிமேல் நான் ஒருத்திதான்.