அனலி எதிர்ப்பக்கம் ஓடுகிறாள்

ஜூலை 19, சனி

மணிமொழி மேடம் போன் செய்தார்! சென்னையில் பதிப்பகம் வைத்திருப்பவர். எங்கள் காமிக்ஸ் 'எண்மர்' மூன்று பாகங்களையும் படித்துவிட்டாராம். ஆறு பாகமும் முடிந்து, முடிவும் பிடித்திருந்தால் புத்தகமாகப் போடுகிறேன் என்றார். ஆகஸ்ட் 20க்குள் அவர் கையில் இருக்க வேண்டும். நான் வேலை பார்க்கிற கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷன் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். சாவி கேட்டு நின்ற விருந்தாளி பயந்து பின்னால் நகர்ந்தார்.

நம்பவே முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். கதை நான், படம் எழில். காலேஜில் இருந்து நண்பன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். எங்கள் ஊர் மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம் இருக்கிற மாதிரி, எட்டுத் திசையையும் காக்கிற எட்டுப் பேர்தான் எண்மர். தலைவி அனலி, கையில் நெருப்பு. அவளுடைய உயிர் நண்பன் சூறை, காற்று அவன் சொன்னதைக் கேட்கும். எதிரி ரீங்காரன். வண்டு மாதிரிக் காதுக்குள் இரைந்து மனசைப் பிடித்துக்கொள்வான், பிடிபட்டவர் அவன் சொன்னபடி ஆடுவார். மூன்றாம் பாகக் கடைசியில் எண்மரில் ஒருவரே காவல் ரகசியத்தை அவனிடம் கொடுத்துவிடுகிறார். யார் அந்தத் துரோகி? எனக்கும் எழிலுக்கும் மட்டும் தெரியும். சூறைதான்! அனலி மேல் பொறாமை, தெரிந்தே செய்தான்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உடனே நிபந்தனை போட்டாள். புத்தகம் வந்தால் சரி, வராவிட்டால் செப்டம்பரில் வேலூர் சித்தி வீட்டில் தங்கி குரூப் தேர்வுக் கோச்சிங், அதோடு பொம்மைக் கதைக்கு முழுக்கு. சரி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். என்ன திமிர் எனக்கு!

ஜூலை 27, ஞாயிறு

நாளை சாயங்காலம் நான்காம் பாகத்தை நெட்டில் ஏற்றுகிறோம். எழில் வரைந்தால் வீரர்கள் எல்லாரும் கல்யாண பேனரில் நிற்கிற மாமாக்கள் மாதிரியே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சண்டை போட்டுச் சிரிப்பை எல்லாம் அழிக்க வைத்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்க நேரமில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

ஜூலை 29, செவ்வாய்

பார்த்துக்கொண்டான்! நன்றாகப் பார்த்துக்கொண்டான்!

காலையில் போனை எடுத்தால் தலை சுற்றுகிறது. வழக்கமாக இருபது கமெண்ட் வந்தாலே எனக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம். இன்று பார்த்து முடியவில்லை. எல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி. பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவே, கிரிவலப் பாதையில் அனலி ஓடுகிற பக்கம். கூட்டம் ஒழுங்காக மலையை வலப்பக்கம் வைத்துத்தான் போகிறது. அனலி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடுகிறாள்!

"மலையை லெஃப்ட்ல விட்டுட்டு ஓடுறா பாருங்க. நம்ம ஊர்ப் பொண்ணு இப்படிப் போவுமா? ரகசியத்தைக் குடுத்தது அனலிதான், ரீங்காரன் கிட்ட மாட்டிருக்கா" என்று யாரோ எழுத, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

எழிலைக் கேட்டால் சாவகாசமாகச் சொல்கிறான். படிக்கிறவர் கண் இடமிருந்து வலம் போகிறது, அவளும் அப்படியே ஓடினால்தான் வேகம் ஜாஸ்தியாகத் தெரியும், அதனால் அவளை மட்டும் ஃப்ளிப் அடித்து இடவலம் மாற்றினானாம். கடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற போட்டோ வந்தால் ஒருவரை ஃப்ளிப் அடித்து எதிரெதிரே பார்க்க வைப்பான். அந்தப் பழக்கதோஷம் என் அனலி வரைக்கும் வந்துவிட்டது. மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன்!

ஜூலை 30, புதன்

இது அதைவிட மோசம். எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிற நெட் பக்கத்தில், என்னைக் கேட்காமல், "கண்டுபிடிச்சுட்டீங்களே! பொறுத்திருந்து பாருங்க" என்று பதில் போட்டிருக்கிறான். ஏதோ நாங்கள் யோசித்து வைத்த மாதிரி! அனலியைத் துரோகியாக்க இவன் யார்? அவள் எனக்கு ஒன்பதாம் வகுப்பில், கணக்குப் பாடம் நடக்கும்போது பிறந்தவள். அவள் தப்பே பண்ண மாட்டா. பண்ணவே மாட்டா.

போனில் கத்தினேன், நீதான்டா துரோகி என்றேன்.

"தப்பு என்னுதுதான் வினோ. ஆனா உன் கதையைவிட அவங்க சொல்றது நல்லாருக்கு. இல்லன்னு சொல்லு பார்ப்போம்."

வைத்துவிட்டேன். அவன் சொன்னது உண்மை, அதுதான் எரிச்சல்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பேசவில்லை. அவனும்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மணிமொழி மேடம் மறுபடியும் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். இப்படி ஒரு சின்ன அடையாளத்தில் பெரிய விஷயத்தை வைக்க எப்படித் தோன்றியது என்று கேட்டார். "சும்மா, தோணுச்சு மேடம்" என்றேன். கூச்சமே இல்லாமல்! எழிலைத் திட்டின வாயாலேயே!

ஆக, இனிமேல் பின்வாங்க வழியில்லை. அனலிதான். உட்கார்ந்து ஐந்தாம் பாகத்தை ஒரே மூச்சில் எழுதினேன். சூறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பக்கத்தில் வருகிறான், அவள் அவன் நெஞ்சில் நெருப்பை வீசுகிறாள். பன்னிரண்டு வருஷமாக அவளைத் தெரியும், இப்படி ஒரு அனலி உள்ளே இருந்தது தெரியாது. பயமாகவும் இருக்கிறது, குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது. ஸ்கிரிப்டை எழிலுக்கு அனுப்பினேன், வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காமல். ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.

ஆகஸ்ட் 6, புதன்

மாட்டிக்கொண்டேன். அனலியை ரீங்காரன் பிடியிலிருந்து எப்படி எடுப்பது? சூறை தலையில் ஒரு தட்டுத் தட்டினால் தெளிந்துவிடுமா? கண்ணீர்த் துளி அவள் கையில் விழுமா? சீ! நானே படிக்க மாட்டேன். வேலூர் பஸ் கண்ணுக்குத் தெரிகிறது. வீம்பை விட்டுவிட்டு எழிலிடம் கேட்டேன்.

"எதிர்ப்பக்கம் போனா என்னா தெரியும்னு உனக்குத் தெரியுமா? நானும் போனதில்ல. ஒரு வாட்டி போய்ப் பாரேன்" என்றான்.

கிண்டலா, நிஜமா?

ஆகஸ்ட் 9, சனி, பௌர்ணமி

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! கால் எரிகிறது, உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

காலையில் ரமணாசிரமம் பக்கத்தில் இறங்கி, செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். செங்கம் ரோடு முழுக்கக் கூட்டம், எல்லாம் என்னைப் பார்த்து வருகிறது. பத்தடி போவதற்குள் நாலு பேர் நிறுத்தினார்கள். வழி தவறிவிட்டேன் என்று நினைத்து ஒரு அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி எதிரே போனேன். உள்ளுக்குள் மலையிடமும் கேட்டுக்கொண்டேன்.

எத்தனை பௌர்ணமி சுற்றியிருக்கிறேன். இத்தனை வருஷமும் நான் பார்த்தது முதுகுதான்! நனைந்த சட்டை, வாடின பூ, தோள்பை. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒன்றுதான். இன்றைக்குத்தான் முகம் பார்த்தேன். நொண்டிக்கொண்டே சிரிக்கிற முகம். போனில் யாரையோ திட்டிக்கொண்டே கும்பிடுகிற முகம். தோளில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கி வருகிற அப்பன். ஒருத்தரைப் போல ஒருத்தர் இல்லை. பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது.

அக்னி லிங்கம் போகிற திருப்பத்தில் அம்மா வந்தாள்.

விடியற்காலையிலேயே கோயில் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். அம்மாவோடு எவ்வளவோ முறை நடந்திருக்கிறேன், எப்போதும் ரெண்டடி பின்னால். நடக்கிறபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவ்வளவு களைப்பு. யாருக்காகவோ எதையோ கேட்டுக் கெஞ்சுகிற மாதிரி. யாருக்காக இருக்கும், எனக்காகத்தானே. அழுகை வந்துவிட்டது.

என்னைப் பார்த்து நின்றாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. "எந்தப் பக்கம்டி போற? திரும்பு" என்றாள்.

திரும்பினேன். கூடவே நடந்தேன், இந்த முறை பக்கத்தில்.

அதுதான் முடிவு! ரீங்காரன் அனலியை எதிர்ப்பக்கம் ஓட விட்டதுதான் அவன் செய்த தப்பு. அவன் பிடியில் இருக்கிறவளுக்கு மனிதர்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிய வேண்டும். எதிரே வந்தால் ஒவ்வொரு முகமாகத் தெரிந்து, பிடி விட்டுப்போகுமே!

ஆகஸ்ட் 14, வியாழன்

எழில் ஆறாம் பாகம் கொண்டுவந்தான். ரெண்டு பக்கம் முழுக்க முகம், முகம், முகம். வசனமே கிடையாது. ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்தநாளுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஃப்ளெக்ஸ் அடித்தவன் ஆயிற்றே, ஒரு மூக்குகூட இன்னொன்று போல இல்லை. அப்படியே அவன் முதுகில் ஒன்று வைத்தேன். வலிக்குது என்று சிரித்தான்.

கடைசியில் சூறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறான். உன்மேல் தப்பில்லை, ரீங்காரன்தான் செய்தான் என்று மற்ற ஆறு பேரும் அனலியைச் சமாதானப்படுத்துகிறார்கள். "மனசு அவன்கிட்ட இருந்தது. கை என்னோடதுதானே" என்கிறாள். அவ்வளவுதான், அதோடு முடிகிறது. சூறை பேசினானா என்று எழுதவில்லை. எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போடுகிறார்கள்!!! ஜனவரிக்குப் புத்தகம்!

அனலி திரும்பினது தற்செயலாக நடந்த தப்பு என்று மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நல்ல தப்பு, அட்டையில் அதையே போடலாம் என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், எழில் கொடுத்திருந்த பிரிண்ட் அவுட் அம்மா மடியில். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. நான் வந்ததைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மெல்ல வந்து உட்கார்ந்தேன்.

"அந்தச் சூறை பையன் இவகிட்ட பேசுவானா, மாட்டானா?"

தெரியலம்மா என்றேன்.

"என்னடி தெரியல. இவ தெனமும் போய் அங்க நிக்கணும். அவன் திட்டுவான், திட்டட்டும். நீ அவள அனுப்பி வெக்கிற." காகிதத்தை மடிக்காமல் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

உடனே எழிலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். செப்டம்பர் ஆச்சே, அம்மா வேலூரை நிஜமாகவே விட்டுவிட்டாளா என்று கேட்டான். அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்றேன்.