முப்பத்தேழு நிமிடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பா நலம், கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்தைத்தான் மறந்துவிடுகிறார். என்னைப் பற்றி ஃபோனில் சொல்லத் தெம்பு இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். உங்கள் கம்பெனி காப்புரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பம். இரும்பை அறுக்கும் கருவிகளுக்கான டங்ஸ்டன் கார்பைடு நுண்தூளைக் கிலோக்கணக்கில் செய்யும் முறை, கண்டுபிடித்தவர் என்று முதலில் உன் பெயர். லேபில் ஒரு கரண்டி செய்தால் மாவாக வருகிற தூள், உலையில் பத்து கிலோ போட்டதும் ஏன் கட்டிதட்டிப் போகிறது என்று மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேனே, குவியலுக்குள் மாட்டிக்கொள்ளும் நீராவிதான் துகளைப் பருக்க வைக்கிறது என்று பிடிபட்ட அன்று முதலில் உன்னைத்தானே அழைத்தேன். தட்டில் மெல்லிசாகப் பரப்புவது, ஹைட்ரஜனை வேகமாக விட்டு ஆவியை வெளியேற்றுவது, நடுவில் முப்பத்தேழு நிமிடம் சூட்டை ஏற்றாமல் நிறுத்துவது, எல்லாம் அதில் இருக்கிறது. அந்த முப்பத்தேழு, எங்கள் பழைய உலையில் கதவுப்பக்கம் சூடாக நேரம் பிடிப்பதால் வந்த கணக்கு. உங்கள் புது உலைக்கு அது தேவையே இல்லை. அதைக்கூட யோசிக்காமல் எழுதியிருக்கிறாய். அன்று எத்தனை மில்லிமீட்டர்ம்மா, எத்தனை நிமிஷம்மா என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். என் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போய் நிதானமாகச் சொன்னேன். நீ குறித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

உங்க பொண்ணுதானே, எப்படிம்மா வெளிய போச்சு என்று மேனேஜர் கேட்டார். நான்தான் சார் சொன்னேன், பொண்ணுங்கிற நெனப்புல சொல்லிட்டேன் என்றேன். இருபத்திரண்டு வருஷம் நான் நின்று வேலை பார்த்த உலையை விட்டு இப்போது பேக்கிங்கில் சீட்டு ஒட்டுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அந்தத் தாளில் இருக்கும் உன் பெயரைப் பெருமையாகச் சலூன்காரரிடம்கூடக் காட்டிவிட்டு வந்தார். முதுகுவலியால் வேலை மாறினேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையை நீதான் அவரிடம் சொல்ல வேண்டும்.

அன்று ஃபோனில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், அதனால் அந்தத் தாளிலும் அது இல்லை. ஆறிய பிறகும் உலையைச் சட்டென்று திறக்காதே. கொஞ்சம் தூள் என்றால் ஒன்றும் ஆகாது, இவ்வளவு தூளில் காற்றுப் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் காற்றைச் சிறுகச் சிறுக உள்ளே விடு. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு. கதவைத் திறக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே.

உன்னைப் பெற்ற
அம்மா