உள்நோக்கிக் கிடந்த செருப்பு

கிடர்பூர், கொல்கத்தா
18 நவம்பர் 2024, திங்கள்

அன்புள்ள தங்கை மஹிமாவுக்கு,

அண்ணன் செல்வராஜ் எழுதுகிறேன். நம் வீட்டுக் கடிதங்கள் ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்கும். இன்று அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் விசாகப்பட்டின விலாசத்தைப் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி தீப்தி பௌதியிடம் வாங்கினேன். துர்கா பூஜை முடிந்ததும் வருஷம் தவறாமல் அவருக்கு விஜயா வாழ்த்து அனுப்புகிறாயாம். பதினெட்டு வருஷத்தில் அவருக்குப் பதினெட்டு கார்டு. எனக்கு ஒரு வரி கிடையாது. அப்பா இறந்தபோது பௌதி மூலம் நான் கொடுத்த தந்திக்குக்கூடப் பதில் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. மறைத்து என்ன பயன்?

இங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை. குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது. துறைமுக ஆபீஸில் எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ். என்னிடம் வேலை கற்ற இரண்டு பேர் இப்போது எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். சபைக்கு நான்தான் செயலாளர். பதினாறு வருஷமாக மினிட்ஸ் எழுதியும் ஒரு ஞாயிறாவது என்னைப் பிரசங்கிக்க விட்டதில்லை. மாமனார் ஞானசிகாமணி இன்னும் மூத்த மூப்பர். எண்பத்திரண்டு வயது. காது போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை.

என் மகள் மேக்னாவை நீ பார்த்ததில்லை. பதினாறு வயதாகிறது. தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். இந்தப் பூஜைக்கு நம் தெருப் பந்தலில், பௌதி வீட்டுப் பெண்களோடு கையில் தூபச் சட்டி ஏந்தி ஆடியிருக்கிறாள். அந்த வீடியோ எப்படியோ சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. சொந்தப் பேத்தி என்றும் பார்க்காமல், எட்டு வாரம் வாசல் ஸ்டூல் என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சின்னப் பிள்ளை, விட்டுவிடலாமே என்றேன். என்ன மாப்ள, உம்ம தங்கச்சிக்கு நாப்பது வாரம் போட்டப்ப மூடுன வாயி இப்ப மட்டும் தெறக்குதோ என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பிறகு, செயலாளர்தான் பேரை வாசிக்கணும், அதுதான் முறை என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

அந்த ஸ்டூல் இன்னும் ஹால் வாசலில், செருப்புகளுக்கு நடுவேதான் இருக்கிறது. அதில் உட்கார்ந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆராதனை முடிவதற்குள் எல்லார் செருப்பையும் ஜோடி சேர்த்து, வெளியே வருகிறவர்கள் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகும்படி தெருப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். இருபத்துமூன்று வயதில் நீ நாற்பது ஞாயிறு அதைச் செய்தாய். உன்னைக் காட்டிக் கொடுத்த மூப்பர் மனைவியின் செருப்பைக்கூடத் திருப்பி வைத்தாய். என்னுடையதை மட்டும் தொடவில்லை. நான் கழற்றிப் போட்டபடி அது ஹாலைப் பார்த்தே கிடக்கும்.

நீ போன பிறகும் அது அப்படியேதான் கிடந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டூல் காலியாக இருக்கும். ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் என் செருப்பு உள்நோக்கி இருக்கும். இடத்தை மாற்றிப் பார்த்தேன். ஷூ போட்டுப் பார்த்தேன். பையில் போட்டு உள்ளே எடுத்துப் போய், மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் செய்திருக்கிறேன். என் மனைவி ஷோபனாவே என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

போன சனிக்கிழமை மத்தியானம் மேக்னா ஒரு படத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். பௌதியின் ஆல்பத்தில் இருந்ததாம். எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். தசமியன்று பகலில், அம்மனை ஆற்றில் கரைக்க அனுப்பும் முன் பெண்கள் ஒருவருக்கொருவர் சிந்தூரம் பூசி விளையாடும்போது பௌதி உன் கன்னத்திலும் இழுத்துவிட்டாரே, நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாயே, அந்தப் படம். ஃபிலிமைக் கழுவ வாங்கிய கரியாஹாட் ஸ்டுடியோக்காரன், நன்றாக வந்திருக்கிறது என்று பெரிதாக்கித் தன் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினான். புடவை எடுக்கப் போன மூப்பர் மனைவி அங்கேதான் அதைப் பார்த்தார். கல்யாணமானவர்கள் மட்டும் வைக்கும் சிந்தூரம், கல்யாணமாகாத பெண்ணின் முகத்தில். வங்காளிப் பையனோடு ரகசியக் கல்யாணம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே சபை முடிவு கட்டிவிட்டது.

மேக்னா படத்தின் கீழ்மூலையில் விரலை வைத்தாள். உன் புடவைக் கொசுவத்தின்மேல், கேமராவைத் தூக்கிப் பிடித்த ஓர் ஆளின் நிழல் விழுந்திருக்கிறது. அப்பா, அத்தையை எடுத்தது யாரு, அந்த ஆளைத்தானே அத்தைக்குப் புருஷன்னு சொன்னாங்க என்று கேட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த நிழலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பா, உன் தோள் இப்பவும் ஒரு பக்கம் சாஞ்சுதான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சபை நடுவில் உன்னை நிறுத்தி, படம் எடுத்தவன் யார் என்று மூன்று முறை கேட்டார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ஷோபனாவோடு எனக்கு நிச்சயமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. பந்தலுக்கு வா, அருமையாக இருக்கும் என்று உன்னைக் கூட்டிப் போனது நான். கேமரா என்னுடையது. கூட இருந்து பிரசாதம் சாப்பிட்டவனும் நான். நான் எழுந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். என் கல்யாணம் நின்றிருக்கும், அவ்வளவுதான். நான் எழவில்லை. என் நிழலை உனக்குக் கள்ளப் புருஷனாக்கி, உனக்குப் பேசியிருந்த ஆசன்சோல் மாப்பிள்ளை வீட்டார் உன்னை வேண்டாம் என்று எழுதிய கடிதத்தையும் நானே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

உன்மேலும் எனக்குக் குறை உண்டு. நீயாவது என் பேரைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே இருந்து இத்தனை வருஷமும் என்னை அந்த மூன்றாவது வரிசையிலேயே உட்கார வைத்துவிட்டாய்.

நேற்று காகிதத்தை எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போனேன். மேக்னாவின் பேரை வாசிக்கவில்லை. செல்வராஜ், செயலாளர், என்று என் பேரை வாசித்தேன். அந்தத் தசமியன்று படம் எடுத்தவன் நான், என் தங்கை எவனையும் கட்டிக்கொள்ளவில்லை, நாற்பது வாரமும் எனக்குச் சேர வேண்டியது என்றேன். மாமனாருக்குக் காது கேட்கவில்லை. என்ன சொல்லுதான், என்ன சொல்லுதான் என்று பக்கத்தில் இருந்தவரை உலுக்கினார். அவர் காதில் சொன்னதும், மைக்கை அணைங்கலே என்று கத்தினார். ஷோபனா எழுந்து வெளியே போய், செருப்பைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். இதுவரை என்னிடம் பேசவில்லை. மேக்னா இடத்தை விட்டு அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை.

அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மஹிமா. அத்தனை செருப்பும் உள்நோக்கித்தான் கிடந்தன. உள்ளே வருகிறவர்கள் கழற்றிப் போட்டால் வேறு எப்படிக் கிடக்கும்? நீ போன பிறகு அங்கே யாரும் உட்காரவில்லை. யாரும் திருப்பி வைக்கவும் இல்லை. பதினெட்டு வருஷமாக எல்லார் செருப்பும் அப்படித்தான் கிடந்திருக்கிறது. நான் என்னுடையதை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. ஸ்டூல் உயரம் குறைவு. திருப்பி வைக்காத செருப்பை எடுக்க ஒருவர் குனிந்தால், அவர் முகம் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராக வருகிறது. ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்களுக்குக் கேட்காது. நாற்பது ஞாயிறு நான் உன் எதிரே குனிந்திருக்கிறேன். நாற்பது முறையும் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மேக்னா உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள். நீ வந்தால் பௌதி வீட்டில் தங்கலாம். என் வீட்டில் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒரு ஞாயிறு மட்டும் ஹாலுக்கு வா. நான் வாசலில்தான் இருப்பேன். எல்லார் செருப்பையும் திருப்பி வைப்பேன். உன்னுடையதை மட்டும் நீ கழற்றிப் போட்டபடியே விட்டுவைப்பேன்.

நீ குனியும்வரை காத்திருப்பேன்.

உன் அண்ணன்,
செல்வராஜ்