சீழ் வைத்த விரல்

இன்று காலை லேப் திறந்ததும் ஒரு சின்னப் பையனின் கட்டைவிரலை என் மேஜைமேல் நீட்டினார்கள். நகச்சுற்று. சிவந்து வீங்கி, நுனியில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. லேசாக நாற்றமும் வந்தது. அந்த நாற்றத்தில் எனக்கு உன் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது.

அவனை உனக்குத் தெரியும். ஓரிக்கையிலிருந்து நெசவுக்காரர் ஒருவர் உன் கிளினிக்குக்குத் தூக்கிவந்தாரே, தொப்புள்கொடி விழாத குழந்தை, அவன்தான். கொடி விழுந்ததும் அடைத்துக் கட்ட வெள்ளித் தாயத்து வாங்கி, அம்மாக்காரி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். மாதம் தாண்டியும் தாயத்து காலியாகவே இருந்தது. தொப்புளைச் சுற்றிப் புண். ஆனால் பொட்டுச் சீழ் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் அதில் ஒரு நிம்மதி.

"சீழே வெக்கலை டாக்டரம்மா, சுத்தமா ஆறிக்கினு வருது" என்றார் அப்பா.

உன் முகம் மாறிவிட்டது. பக்கத்திலிருந்த என் லேபுக்கு ரத்தம் அனுப்பினாய். வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறிக்கிடந்தன. மெஷின் மேல் சந்தேகப்பட்டு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். அங்கும் அதே நெரிசல். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போது உதட்டைக் கடிப்பாயே, அதே மாதிரி கடித்துக்கொண்டு சொன்னாய்: "ரத்தத்துல இவ்ளோ பேர் இருக்கானுங்க, புண்ணுல ஒருத்தன்கூட இல்லையேடி."

அப்புறம் அந்த இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினாய். கருட சேவையன்று கூட்டம் தள்ளிக்கொண்டு போகிறது, வழியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவேண்டும், என்ன செய்வீர்கள் என்று கேட்டாய்.

"ஓரமா ஒதுங்கி, ஜன்னல் கம்பியைப் புடிச்சிக்கினு நிப்போம். அப்பால சந்துல பூந்துடுவோம்" என்றார் அவர்.

"வெள்ளை அணுவும் அதையேதான் பண்ணும். எங்க புண்ணோ, அங்க ரத்தக்குழாய் சுவரே கம்பி நீட்டும். அணு உருண்டு வந்து, வேகம் கொறைஞ்சு, அதைப் புடிச்சி நிக்கும். அப்புறம் சுவத்து இடுக்குல உடம்பை நெளிச்சு வெளிய போயி கிருமியோட சண்டை போடும். அதுல செத்ததுதான் சீழ். உங்க புள்ளையோட அணுவுக்குப் புடிச்சி நிக்கக் கை இல்லைனு நெனைக்கிறேன். சென்னையில பாத்து உறுதி பண்ணணும். இப்பவே கிளம்புங்க."

அம்மாக்காரி ஒன்றுதான் கேட்டாள். "சீழ் வெச்சா பொழைச்சிப்பானா?"

"வெக்க வெப்போம்" என்றாய். எவ்வளவு திமிர் உனக்கு. அந்தத் திமிரை நம்பித்தான் அவர்கள் பஸ் ஏறினார்கள், நீயும் கூடவே ஏறினாய்.

உன் சந்தேகம் சரியாகவே இருந்தது. வெள்ளை அணு பிறப்பதே எலும்பு மஜ்ஜையில்தானே, அவன் அக்காவின் மஜ்ஜை பொருந்தியது. அதை ஏற்றி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிள்ளை ஊர் திரும்பினான். அன்று நீ அம்மாக்காரியிடம் சொன்னாயாம், என்றாவது இவனுக்குச் சீழ் வைத்தால் முதலில் எனக்குத்தான் காட்டவேண்டும் என்று. அதற்குள் உன் இதயம் நின்றுபோனது. அதில் எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

இப்போது அவன் பால்வாடிக்குப் போகிறான். அரைஞாணில் அந்தத் தாயத்து, உள்ளே கொடி. "அவங்க இல்லை, அதான் உங்களாண்ட கொண்டாந்தேன்கா" என்று அம்மாக்காரி சிரித்தாள், கண் நிறைந்திருந்தது.

கீறிவிட வேறு டாக்டரிடம் அனுப்பினேன். அங்கே கீறி எடுத்து அவர்களே திரும்பக் கொண்டுவந்த சீழை ஸ்லைடில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அக்கா கொடுத்த அணுக்கள், சுவரைத் தாண்டி வந்து கும்பலாகக் கிடந்தன. நான் அழுவதைப் பார்த்துப் பையன் கேட்டான், "உங்களுக்கும் வலிக்குதா ஆன்ட்டி?"

வலிக்கிறதுதான். ஆனாலும் ரிப்போர்ட் எழுதினேன். சீழ் அணுக்கள் ஏராளம். அனுப்பிய மருத்துவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டேன்.